நான் நடந்து பார்த்த மனைகள்

வீட்டைக் கட்டிப் பாரு, கல்யாணத்தைப் பண்ணிப் பாருன்னு சொல்லி வச்ச பெரியவங்க நடுவுல ஒண்ண விட்டுட்டாங்க. புருஷன்கூடப் போயி மனையப் பாருன்னும் சேத்துச் சொல்லியிருக்கணும். கல்யாணத்துல தெரியாதது, குடித்தனத்துல தெரியாதது, வெறும் புல்லு மொளச்ச நிலத்துல நிக்கும்போது தெரிஞ்சிடுது. இத்தன வருஷம் கூடப் படுத்து எந்திரிச்ச மனுஷன் யாருன்னு எனக்கு அங்கதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள நான் பட்ட பாடு இருக்கே, அப்பப்பா.

எங்க வீட்டுக்காரரு ஃபேக்டரி பஸ் ஓட்டினவரு. செமிலிங், பீடோங், சிடாம் கிரின்னு சுத்திச் சுத்தி வந்து, வேலைக்குப் போற பொம்பளைங்கள ஏத்தி சுங்கைப் பட்டாணி ஃபேக்டரிங்கள்ல எறக்கி விடுவாரு. ஷிப்ட் முடிஞ்சா திரும்ப ஏத்திட்டுப் போயி அவங்கவங்க வீட்டுக்கு வழி பிரியிற முச்சந்தி சிம்பாங்குல எறக்குவாரு. நான் பள்ளிக்கூடத்துக் கேன்டீன்ல சமைச்சவ. ஊருல பாதிப் பிள்ளைங்க என் கையால மீ கோரிங் தின்னு வளந்ததுங்க. இன்னிக்குப் பசார்ல என்னப் பாத்தா "ஆன்ட்டி"ன்னு ஓடி வருதுங்க, யாரு எவருன்னு எனக்குத்தான் அடையாளம் தெரியாது.

ரெண்டு பேருமே ரப்பர் தோட்டத்துல பொறந்தவங்க. லயத்து வீட்டுல ஒரு பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். கல்யாணம் ஆகி சுங்கைப் பட்டாணியில ஒரு தாமான் குடியிருப்புல மலிவு விலை வீடு வாங்கினோம். பலகை போயி செங்கல்லு வந்துச்சு, அவ்ளோதான் வித்தியாசம். பக்கத்து வீட்டு அம்மா தாளிச்சா எங்க வீட்டுல தும்மல். நாங்க சண்டை போடணும்னா டிவிய சத்தமா வச்சிட்டுத்தான் போடுவோம். அப்படியும் மறுநாள் அந்த அம்மா வேலிகிட்ட நின்னுகிட்டு, "என்ன அக்கா, நேத்து உங்க வீட்டுல நாடகம் ஜோராப் போச்சு போல"ன்னு கேட்டுச் சிரிக்கும். நாலு பக்கமும் நம்ம சுவரு, சுவத்துக்கு வெளிய நம்ம மண்ணு. எங்களுக்கு இருந்த ஆசை அது ஒண்ணுதான். மகன் படிச்சு ஜொகூர்ல வேலைக்குப் போயி, இனி அவனப் பத்திக் கவலை இல்லன்னு ஆனப்புறம்தான் அந்த ஆசைய எடுத்து வெளிய வச்சோம்.

வச்ச நேரம் பாருங்க, அவரோட கிட்னி போச்சு. சக்கரை வியாதி. கால் வீங்குது, மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, டாக்டரு இனிமே மெஷின்லதான் ரத்தத்தச் சுத்தம் பண்ணணும்னுட்டாரு. வாரத்துக்கு மூணு நாள். போகும்போது மனுஷனாப் போவாரு, வரும்போது பிழிஞ்சு போட்ட துணி மாதிரி வருவாரு. பஸ்ஸுல எத்தன பேர ஏத்தி எறக்கின மனுஷன், வாடகைக் காடியில பின் சீட்டுல தலைய சாச்சுகிட்டு வீடு வந்து சேருவாரு. எனக்குக் காடி ஓட்டத் தெரியாது. பக்கத்துல உக்காந்து அவரு கையப் பிடிச்சிட்டு வர்றது தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது.

இதுக்கப்புறம் யாராவது மனை வாங்குவாங்களான்னு நெனச்சேன். அவருதான் பிடிவாதமா, "நிலத்தப் பாப்போம்"னாரு. சரி, மனுஷனுக்கு ஒரு பிடிப்பு இருந்தா நல்லதுதானேன்னு நானும் தலைய ஆட்டினேன். ஆனா எனக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு. மெஷின் வச்சிருக்கிற எடத்துக்குப் பக்கத்துலதான் மனை வாங்கணும். அலைச்சல் கொறைஞ்சா அவரு உடம்பு தாங்கும். அந்தப் புது வீட்டுல அவரு நாலஞ்சு வருஷமாவது உக்காந்து சாப்பிடணும். எனக்கு வேற எந்த லட்சணமும் வேணாம். ஈசானியம் எங்க இருந்தா எனக்கென்ன, அக்கினி எங்க இருந்தா எனக்கென்ன?

தெரிஞ்ச தரகரு ஒருத்தரு. எங்கள விட மூத்தவரு மாதிரிதான் இருப்பாரு, ஆனா என்ன "அக்கா"ம்பாரு, அவர "அண்ணே"ம்பாரு. வாயத் தொறந்தா மூட மாட்டாரு. மொதல்ல காட்டினது டவுனு ஓரத்துல, மெஷின் எடத்துலேர்ந்து காடியில கண்ணு மூடித் தொறக்கிற தூரத்துல. மட்டமான நிலம், சுத்தி நல்ல வீடுங்க. எனக்குப் பாத்தவொடனே மனசு குளுந்துருச்சு. வீட்டுக்காரரு காடிய விட்டு எறங்கவே இல்ல. கதவத் தொறந்து வச்சு, வீங்கின கால வெளிய நீட்டிகிட்டு உக்காந்திருந்தாரு.

"இந்தாம்மா, கடை எங்க இருக்குன்னு கேட்டு, நடந்து போயி ஒரு பேப்பர் வாங்கிட்டு வா."

"நான் போயிட்டு வாரேன் அண்ணே, காடி இருக்கே"ன்னாரு தரகரு.

"வேணாம் தம்பி. அவ போவா."

நிலம் பாக்க வந்த எடத்துல பேப்பரு! முணுமுணுத்துகிட்டே போனேன். பெரிய ரோட்டு ஓரத்துல நடக்கணும். நடக்கிறதுக்குன்னு தனியா எடம் கெடையாது. லோரிங்க உரசிகிட்டுப் போவுது, சேலைய ஒரு கையில பிடிச்சிகிட்டு, குடைய ஒரு கையில பிடிச்சிகிட்டு நான் சர்க்கஸ்காரி மாதிரி போறேன். வேர்த்து விறுவிறுத்து வந்து பேப்பர அவரு மடியில போட்டா, அத விரிச்சுகூடப் பாக்கல. "வழியில நாய் இருந்துச்சா? லைட்டுக் கம்பம் இருக்கா?"ன்னாரு. பட்டப் பகல்ல லைட்டுக் கம்பத்த எவ அண்ணாந்து பாத்துகிட்டுப் போவா? அப்புறம் தரகருகிட்ட, "தெருக்குத்து இருக்கு தம்பி, வேணாம்"னுட்டாரு.

ரோடு மனைக்குப் பக்கவாட்டுல போவுது. எங்க குத்துது, எதக் குத்துது? எனக்கு விளங்கல. தரகருக்கும் விளங்கல, ஆனா யாவாரியாச்சே, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் லா"ன்னுட்டாரு. சாமி படத்துக்குச் சூடம் காட்டச் சொன்னாக்கூட "நீயே காட்டு"ன்னு போற மனுஷன் தெருக்குத்து பாக்கிறாரு. வியாதி வந்தா புத்தியும் இப்படி ஆயிடும் போலன்னு எனக்குப் பாவமாக்கூட இருந்துச்சு.

அடுத்ததுக்கும் மெஷின் எடம் பக்கம். கெழக்க பாத்த மனை, தென்னை மரம் ரெண்டு நிக்குது. மனசுக்குள்ள அடுப்படியக்கூட வச்சுப் பாத்துட்டேன். வீட்டுக்காரரு விசாரிக்கச் சொன்னாரு, விசாரிச்சா அது மலாய்க்காரங்க மட்டும் வாங்குற ரிசர்வ் நிலம். "அட ஆமா லா அக்கா, நான் கவனிக்கல"ன்னு தரகரு தலையச் சொறிஞ்சாரு. இத்தன வருஷமா நிலம் வித்துகிட்டு இருக்கிறவருக்கு இதுகூடத் தெரியாதா? அன்னிக்கு நான் கொண்டு போயிருந்த வடைய அவருக்குக் குடுக்கல.

அப்புறம் சிடாம் கிரிப் பக்கம் ஒரு எடம். ஒரு காலத்துல ரப்பர் பால்மரக் காடா இருந்து, இப்ப எண்ணெய் எடுக்கிற செம்பனையா மாறி, அதுலயும் ஓரத்துல கொஞ்சத்த வெட்டி மனை போட்டு வச்சிருந்தாங்க. என்ன காத்து, என்ன காத்து! முருங்கை வைக்கலாம், கருவேப்பிலை வைக்கலாம், நாலு கோழி வளக்கலாம். ரோடும் நேரா டவுனுக்குப் போவுது, ஜாம் கெடையாது. "இங்க என்ன கொறை, சொல்லுங்க பாப்போம்"னேன். அவரு பழையபடி காடிக்குள்ள கல்லுப் பிள்ளையாரா உக்காந்துகிட்டு, "அந்த ஒட்டுக்கடை வரைக்கும் நடந்து போயிட்டு வாம்மா"ன்னாரு.

"என்னா வாங்கணும்?"

"ஏதாவது வாங்கு."

ஏதாவதாம்! ஒட்டுக்கடை எங்கியோ ரோட்டு மொனையில கெடக்கு. நடுவுல ஒரு வீடு வாசல் இல்ல. செம்பனைக்குள்ளேர்ந்து ரெண்டு நாய் வந்துச்சு, பின்னாடியே இன்னும் ரெண்டு. நான் செருப்பக் கழட்டிக் கையில வச்சிகிட்டு, "சூ, சூ"ன்னு கத்திகிட்டே பின் பக்கமா நடந்து திரும்பி வந்தேன். எதுவும் வாங்கல. வந்த வேகத்துல கேட்டேன்: "நான் என்ன உங்க பஸ்ஸு கண்டக்டரா? ஏறு, எறங்கு, போ, வான்னு வெரட்டிகிட்டே இருக்கீங்க? உக்காந்த எடத்துலேர்ந்து எறங்க முடியல, தெருக்குத்து மட்டும் தெரியுதா கண்ணுக்கு?" தரகரு சிரிப்ப அடக்க முடியாம செம்பனை மரத்தப் பாத்துகிட்டு நின்னாரு. எங்க வீட்டுக்காரரு கோவப்படல. என் செருப்பையே பாத்துகிட்டு இருந்துட்டு, "ஈசானிய மூலை கொறையுது, வேணாம்"னாரு. ஈசானிய மூலை எந்தப் பக்கம்னு கேட்டிருந்தா அவரு மேலயும் கீழயும்தான் பாத்திருப்பாரு.

அதுக்கப்புறம் ஒரு மாசம் நிலப் பேச்சே இல்ல. ஒரு நாள், மெஷின் இல்லாத நாளு, "கெளம்பு, உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வருவோம்"னாரு. என் தங்கச்சி செமிலிங்ல இருக்கா. வீட்டுலயே தையல் கடை, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு யூனிபோர்ம் தைக்கிறவ. அன்னிக்கு உடம்பு கொஞ்சம் தேவலையா இருந்துச்சு, எங்க பழைய காடிய அவரே மெதுவா ஓட்டிட்டு வந்தாரு. தங்கச்சி வீட்டு வேலிக்குப் பக்கத்துல ஒரு காலி மனை, அதுக்குப் பின்னால தூரத்துல ஜெராய் மலை. இத்தன நாளா அது எங்க கண்ணுல படாம இல்ல. ஆனா மெஷின் எடம் எங்க, செமிலிங் எங்க? அதனால நான் அத மனையாவே நெனக்கல.

காடிய நிறுத்தினவொடனே நானே கேட்டேன், நக்கலாத்தான். "என்ன, கடைக்குப் போவணுமா?"

"ஆமா, போயிட்டு வா."

வந்த கோவத்துக்கு விறுவிறுன்னு நடந்தேன். ரெண்டு வீடு தாண்டறதுக்குள்ள ஒரு சீனத்தி துணி காயப் போட்டுகிட்டே, "தையக்காரம்மாவோட அக்காவா?"ன்னு மலாய்ல கேட்டா. வளைவு திரும்பினா கடை, கடைக்கு எதிர்ல கிளினிக்கு, அந்தாண்ட பஸ்ஸு நிக்கிற எடம், கொஞ்சம் உள்ள போனா கோயிலு. கடைக்காரரு, "புதுசா வந்திருக்கீங்களா அக்கா?"ன்னு கேட்டு, கொத்தமல்லிய சும்மாவே பையில போட்டாரு. திரும்பி வந்தப்ப கால் வலிக்கல, வேர்க்கல. எங்க வீட்டுக்காரரு காடிய விட்டு எறங்கி, தங்கச்சி வீட்டு வேலியில சாஞ்சுகிட்டு, அந்தக் காலி மனையப் பாத்துகிட்டு நின்னாரு. இத்தன எடம் பாத்ததுல அவரு எறங்கினது அங்க மட்டும்தான்.

"இதுதாம்மா"ன்னாரு.

எனக்கு மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. "பக்கத்துல காட்டினத எல்லாம் வேணாம் வேணாம்னுட்டு, இருக்கிறதுலயே தூரத்துல வந்து நின்னுகிட்டு இதுதான்னு சொல்றீங்களே, வெளயாடறீங்களா? பீடோங் ஜாம்ல மாட்டிகிட்டு, வாரத்துக்கு மூணு நாள் யாரு உங்களக் கொண்டு போயி கொண்டு வர்றது? எத்தன நாளைக்கு அந்த அலைச்சல உங்க உடம்பு தாங்கும்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். எத்தன நாளைக்குக் கொண்டு போவ?"

தங்கச்சி டீக் கிளாஸோட வாசப்படியில நின்னுட்டா. அவதான் மொதல்ல வாயத் தொறந்தா. "அக்கா, மாமா ஏற்கனவே ரெண்டு தடவ தனியா வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு. ராத்திரியில அக்கா தனியா இருந்தா நீ இங்கேர்ந்து கூப்பிட்டா கேக்குமான்னு கேட்டாரு." சொல்லிகிட்டே அவ அழுதுட்டா.

அவரு என்னப் பாக்காம, நிலத்தப் பாத்துகிட்டே சொன்னாரு. "என் பஸ்ஸுல எத்தன பொம்பளைங்க வந்திருப்பாங்க. சிம்பாங்குல எறக்கி விட்டுட்டு, அவங்க வீட்டுக்குப் போற வழியத் திரும்பிப் பாப்பேன். புருஷன் இருக்கிறவளுக்கு மோட்டர்சைக்கிள் வந்து நிக்கும். இல்லாதவ நடப்பா. இருட்டுல, நாய்க்குப் பயந்துகிட்டு, பைய நெஞ்சோட அணைச்சிகிட்டு நடப்பா. சில பேருக்கு வீட்டுக் கதவு தொறக்கிற வரைக்கும் ஹெட்லைட்ட அடிச்சிகிட்டே நிப்பேன். பஸ்ஸு லேட்டாயிடுச்சுன்னு சூப்பர்வைசரு ஏசுவான். எனக்கப்புறம் உனக்கு எவன் லைட்டு அடிப்பான்? நீ காடியும் ஓட்ட மாட்ட."

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. பேப்பரும் இல்ல, தெருக்குத்தும் இல்ல, ஈசானியமும் இல்ல. நான் தனியா எப்படி நடப்பேன்னு ஒவ்வொரு எடத்துலயும் நடக்க விட்டுப் பாத்திருக்காரு. நான் அவரு வாழறதுக்கு மனை தேடிகிட்டு இருக்கேன். அவரு நான் தாலி அறுத்தப்புறம் இருக்கிறதுக்கு மனை தேடிகிட்டு இருக்காரு.

இதக் கேட்டு உருகிப் போயிருப்பேன்னு நெனப்பீங்க. எனக்கு வந்தது கோவம். இன்னிக்கும் நெனச்சா வருது. "என்ன முண்டச்சியாக்கிப் பாத்துட்டுத்தான் உங்களுக்கு வீடா? அப்ப வீடே வேணாம், போங்க! இந்தப் பாழாப்போன மனையும் வேணாம்!"னு ஊரே கேக்கக் கத்தினேன். அந்தச் சீனத்தி துணியக் கையில வச்சிகிட்டு அப்படியே நின்னுட்டா. தங்கச்சி போட்டு வச்ச டீயக்கூடக் குடிக்காம போயி காடியில உக்காந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அவருகிட்ட பேசல. உப்பில்லாம சமைச்சு, காய வேகவச்ச தண்ணிய வடிச்சு, டாக்டரு சொன்ன மாதிரி கொண்டு போயி முன்னால வைப்பேன். தட்ட வைக்கிற சத்தத்துலயே அவருக்குத் தெரிஞ்சிடும். பயம்தான், வேற என்ன? அவரு அவ்ளோ நிதானமா, அடுத்த மாசக் கரண்டு பில்லப் பத்திப் பேசற மாதிரி, தான் இல்லாத வீட்டப் பத்திப் பேசினாரே, அதத்தான் என்னால தாங்க முடியல. செத்துப் போறத விட, அதுக்குத் தயாராயிட்ட மனுஷன் பக்கத்துல படுத்திருக்கிறதுதான் கொடுமை. தூங்கறாரா, மூச்சு வருதான்னு கையக் கிட்ட வச்சுப் பாத்துட்டு, திரும்பிப் படுத்துகிட்டு மறுபடியும் கோவமா இருப்பேன்.

அடுத்த தடவ மெஷினுக்குப் போனப்ப வெளிய உக்காராம உள்ள போயி நர்ஸு பிள்ளையப் பிடிச்சேன். நம்ம பிள்ளைதான், கேன்டீன்ல எங்கிட்ட சாப்பிட்டவளாம். "செமிலிங்லேர்ந்து வந்துட்டுப் போறது உங்க அங்கள் உடம்புக்குத் தாங்குமா?"ன்னு கேட்டேன். அவ என்ன ஒரு மாதிரியாப் பாத்தா.

"அங்கள் ஏன் ஆன்ட்டி இங்க வரணும்? வயித்துல குழாய் போட்டு வீட்டுலயே செய்யலாமேன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்களாமே. அங்கள்தான் வேணாம்னுட்டாராம். உங்ககிட்ட சொல்லலயா?"

சொல்லல. பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுன்னா இவருகிட்டதான் கத்துக்கணும். அந்தப் பிள்ளை நிதானமா விளக்கினா. வயித்துக்குள்ள மருந்துத் தண்ணிய விட்டு, அப்புறம் வெளிய எடுக்கணும். மெஷின் எடத்துக்கு ஓட வேணாம். மருந்துத் தண்ணி பெட்டி பெட்டியா வீட்டுக்கே வந்துரும். எல்லாருக்கும் ஒத்து வராது, டாக்டரு சொல்லணும். ஆனா அதுக்குன்னு ஒரு ரூம் வேணும். கதவ இறுக்கிச் சாத்தணும், கை கழுவ ரூமுக்குள்ளயே தண்ணிக் குழாய் வேணும், தூசி இருக்கக் கூடாது, பக்கத்துல கைய சுத்தமாக் கழுவத் தெரிஞ்ச ஒரு ஆளு வேணும்.

"ஏன் வேணாம்னீங்க?"ன்னு வாடகைக் காடியில வரும்போது கேட்டேன். நான் பேசினதே பெருசுன்னு ஒரு நிமிஷம் முழிச்சாரு. "இருக்கிற வீட்டுல எடம் எங்க? நாள் முழுக்க நீ எனக்குத் தண்ணி ஊத்தி எறைச்சுகிட்டு, வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிட்டு... எதுக்கும்மா? அங்க போயிட்டு வந்தா அந்த நேரமாவது உனக்கு ஓய்வு."

"எனக்கு ஓய்வு வேணும்னு நான் கேட்டேனா? ஒரு பள்ளிக்கூடத்துக்கே சமைச்சுப் போட்டவ, உங்க ஒரு வயித்துக்குத் தண்ணி விட மாட்டேனா?"

டிரைவரு தம்பி கண்ணாடியில பாத்து சிரிச்சிட்டான். அவரும் சிரிச்சாரு. நான் சிரிக்கல. ஆஸ்பத்திரிக்கு நானே இழுத்துட்டுப் போனேன். டாக்டரு வயித்த அமுக்கிப் பாத்து, ஸ்கேன் எடுத்துப் பாத்து, செய்யலாம், ஆனா வீட்ட வந்து பாத்துட்டுத்தான் முடிவு சொல்லுவோம்னாரு. அந்த வார்த்தை எனக்குப் போதும். அன்னிக்கே அவருகிட்ட சொன்னேன்: "நிலம் உங்க இஷ்டம், செமிலிங்கே வாங்குவோம். வீடு என் இஷ்டம்." அவரு தலைய ஆட்டினாரு. அந்தத் தலையாட்டல நம்பினேன் பாருங்க, அது என் தப்பு.

நிலம் கைக்கு வந்தவொடனே பூசை போடணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. ஏன் இவ்ளோ அவசரம்னா, "பூமி பூசைக்குப் புருஷன் பொண்டாட்டி சேந்துதான் உக்காரணும். அப்புறம் உன்ன எவன் மனையில உக்கார வைப்பான்? ஒதுங்கி நில்லும்மாம்பான்"னாரு. அந்த வாயில ஒரு அடி போடலாமான்னு இருந்துச்சு. ஆனா அவரு சொன்னது பொய்யில்ல. நம்ம ஜனங்க அப்படித்தான். மகன் வந்தான், பூசை நடந்துச்சு. அவரால கால மடக்க முடியல, ஐயரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னாரு. நான் கீழ உக்காந்து, அவரு கைமேல கைய வச்சு, செங்கல்லுக்கு மஞ்ச குங்குமம் வச்சோம்.

பூசை முடிஞ்ச மறுவாரம் கண்டிராக்டரு கயிறு கட்ட வந்தாரு. நிலத்துல கட்டையடிச்சு, கயித்த இழுத்துக் கட்டி, இது ஹோலு, இது அடுப்படின்னு சுண்ணாம்புக் கோடு போடுவாங்க. ஒரு மாசமா பிளான் விஷயமா அந்தத் தம்பிகிட்ட போன்ல பேசினதெல்லாம் எங்க வீட்டுக்காரருதான். "உன் அடுப்படிய எவ்ளோ பெருசா போடச் சொல்லியிருக்கேன் பாரு"ன்னு எங்கிட்ட பெருமையாக் காட்டினாரு. உண்மையிலயே பெருசுதான். ஜன்னலத் தொறந்தா தங்கச்சி வீட்டு அடுப்படி தெரியுது. நான் கயித்துக்குள்ள சுத்திச் சுத்தி நடந்தேன். என்னமோ ஒண்ணு ஒதைக்குது. எனக்கு சட்டுன்னு பிடிபடல.

"தம்பி, காடி எங்க நிக்கும்?"

கண்டிராக்டரு எங்க வீட்டுக்காரரப் பாத்தாரு. "அண்ணன் போர்ச் வேணாம்னாரு அக்கா."

"ரூமு?"

"ரெண்டு ரூமு அக்கா. உங்களுக்கு ஒண்ணு. மகன் குடும்பமா வந்தா தங்கறதுக்கு ஒண்ணு."

"இவருக்கு?"

அந்தத் தம்பி கையில இருந்த சுத்தியலப் பாத்துகிட்டு நின்னாரு. மலேசியாவுல காடி நிக்க எடம் இல்லாத வீட்ட யாராவது கட்டுவாங்களா? ஒரு வீடு முழுக்க கோடு போட்டு வச்சிருக்கு, அதுல எங்க வீட்டுக்காரரு நிக்கிறதுக்கு எடம் இல்ல. தண்ணிக் குழாய் வச்ச ரூமக் காணோம். நான் அவருகிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டா அழுதுடுவேன், கண்டிராக்டரு முன்னாடி அழ எனக்கு இஷ்டமில்ல. குனிஞ்சு அடுப்படிக் கட்டையப் பிடிச்சு ஆட்டினேன். வரல. இன்னொரு தடவ ஆட்டிப் பிடுங்கினேன்.

"அக்கா, அளவெல்லாம் போயிடும் அக்கா!"

"போவட்டும். இவ்ளோ பெரிய அடுப்படியில நான் என்ன கலியாணச் சமையலா செய்யப் போறேன்? இதுல பாதி போதும். மிச்சத்துல ஒரு ரூம் போடுங்க. இங்க கதவு, நல்லா இறுக்கிச் சாத்தற கதவு. இங்க குழாய், கை கழுவ. இந்தச் சுவர் ஓரமா மருந்துப் பெட்டிங்க அடுக்க எடம் வேணும். கட்டிலு இங்க. முன்னால போர்ச் போடுங்க, காடி நிக்கணும்." கயித்த நானே இழுத்துகிட்டுப் போயி கட்டையில சுத்தினேன். கையில சுண்ணாம்பு, சேலையெல்லாம் மண்ணு. தங்கச்சி வேலிக்கு அந்தப் பக்கமே நின்னுகிட்டா, உள்ள வரல. அவளுக்கு என் கோவம் சின்ன வயசுலேர்ந்தே தெரியும்.

புது ரூமுக்குக் கோடு விழுந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மெதுவா நடந்து வந்தாரு. கயித்துக்கு மேல கால வச்சு, விழாம இருக்க என் தோளப் பிடிச்சிகிட்டு, உள்ள எறங்கி நின்னாரு. நான் கட்டிலுன்னு காட்டின எடத்தப் பாத்தாரு. அப்புறம் தலையத் தூக்கி அந்தப் பக்கம் பாத்தாரு, இந்தப் பக்கம் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. வேணாம்னு சொல்லப் போறாருன்னுதான் நான் பல்லக் கடிச்சிகிட்டு நின்னேன்.

"கட்டில இங்க போடாதம்மா"ன்னாரு. "அந்தச் சுவரோட போடு. அங்க படுத்தா ஜெராய் மலை தெரியும். காலையில எந்திரிச்சா நான் பாப்பேன்."

இத்தன மாசத்துல அந்த வீட்டுல தனக்குன்னு அவரு வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். கண்டிராக்டரு, "ஜன்னல் எந்த அளவுல வைக்கட்டும் அக்கா?"ன்னு கேட்டாரு. "பெருசா வைங்க"ன்னேன்.